முட்டை ஃபிளை: கிரெடிட் ஆற்றில் ஸ்டீல்ஹெட்டுக்கு எப்படி ஓட்டுவது, எங்கே நிற்கக் கூடாது?

குமிழி (மிசிசாகா)

வணக்கம். ஏரியில் வளர்ந்து முட்டையிட ஆற்றில் ஏறும் ரெயின்போ டிரவுட்டான ஸ்டீல்ஹெட்டை, சினைப் பொட்டலமும் தக்கையும் வைத்து ஒன்டாரியோவின் கிரெடிட் ஆற்றில் பிடித்துப் பழகியவன் நான். இந்த இலையுதிர் காலத்தில் ஃபிளை ராடுக்கு மாறியிருக்கிறேன்: பத்தடி நீளம், ஏழாம் எண், மிதக்கும் லைன். சினூக் சால்மன் ஆற்றில் ஏறி முட்டையிடத் தொடங்கிவிட்டது. அந்த முட்டையைத் தின்ன ஸ்டீல்ஹெட்டும் பிரவுன் டிரவுட்டும் பின்னாலேயே வந்து நிற்கின்றன. மீன் முட்டை மாதிரி நூலை உருண்டையாகக் கட்டிய கொக்கி, அதாவது முட்டை ஃபிளைதான் இந்தப் பருவத்துக்குப் பொருத்தம் என்று கடையில் சொன்னார்கள். ஆரஞ்சு, பீச், இளம்பச்சை, வெள்ளை என்று ஒரு பெட்டி நிறைய வாங்கிவிட்டேன்.

சினைப் பொட்டலத்துக்கு வாசனையும் சுவையும் உண்டு. மீன் கவ்வினால் கொஞ்ச நேரமாவது வாயில் வைத்திருக்கும். நூல் உருண்டையை உடனே துப்பிவிடாதா? எந்த நிறத்தை எப்போது கட்டுவது? எவ்வளவு ஆழத்தில் ஓட்டுவது? ஏரியில் இது எடுபடுமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஸ்ட்ரீட்ஸ்வில் பக்கம் முழங்கால் ஆழத்துச் சரளையில் சால்மன் வாலடித்துக் குழி தோண்டுகிறது. அதற்கு நேர் மேலே நின்றுகொண்டு சிலர் ஃபிளையை ஓட்டுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதில் எது முறை என்று தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

நூற்கண்டு (ஹாமில்டன்)

வாங்க குமிழி. நான் ஃபிளை கட்டுகிறவள், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் அளவு. கடைப் பெட்டிகளில் பாதிக்கு மேல் தேவைக்கு மிஞ்சிய பெரிய உருண்டையாக இருக்கும். சினூக் முட்டை கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். ரெயின்போ, பிரவுன் டிரவுட் முட்டை 4 முதல் 5 மில்லிமீட்டர்தான். வசந்தத்தில் முட்டையிடும் சக்கர் மீனின் முட்டை அதைவிடச் சின்னது. அக்டோபரில் ஆறு கலங்கி ஓடினால் பெரிய உருண்டை சரி. நவம்பரில் தண்ணீர் தெளிந்து இறங்கியதும் சின்னதுக்கு வந்துவிட வேண்டும். கொக்கி 10, 12 எண். தண்டு குட்டை, வாய் அகலம்.

கட்டுவது சுலபம், ஆனால் ஒரு இடத்தில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். முட்டை ஃபிளைக்கென்றே வரும் பருமனான குளோ பக் நூலை மூன்று நான்கு இழையாக அடுக்கி, கொக்கித் தண்டின் நடுவில் வைத்து, அறுந்துபோகாத பலமான நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். இழையெல்லாவற்றையும் சேர்த்து மேலே இழுத்துப் பிடித்து, கூர்மையான கத்தரியால் ஒரே வெட்டு. விட்டதும் அது தானாக விரிந்து உருண்டையாகும். இரண்டு மூன்று தடவையாக வெட்டினால் தட்டையாகவோ கோணலாகவோ வரும். அடர்த்தி அதிகமானால் இன்னொரு தொல்லை: கொக்கி வாய் அடைபட்டுப் போகும், மீன் கவ்வினாலும் முள் ஏறாது. உருண்டைக்கும் முள் நுனிக்கும் இடையே தாராளமாக இடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். இல்லாவிட்டால் அடிப்பக்கத்தைக் கத்தரித்து விடுங்கள்.

நடுவில் சிவப்போ அடர் ஆரஞ்சோ ஓர் இழையைச் செருகினால் முட்டைக்குள் தெரியும் கருப்பொட்டு மாதிரி வரும். பிளட் டாட் என்பது அதுதான். ஈரி ஏரியின் தெற்குக் கரை ஆறுகளில் ஜெஃப் பிளட் பரப்பிய ஃபிளை. சுற்றிலும் வெள்ளை இழையை மெல்லிய திரைபோல விட்டால் இன்னொரு வகை. தெளிந்த தண்ணீரில் எனக்கு அதுதான் பிடிக்கும்.

துப்பிவிடாதா என்று கேட்டீர்கள். துப்பும். ஆனால் நூல் இழை மீனின் பொடிப்பற்களில் சிக்கிக்கொள்ளும், அதனால் ஒரு நொடி கூடுதலாகக் கிடைக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் முட்டையில் அந்த நொடி இல்லை. முதல் வீச்சுக்கு முன் ஃபிளையைத் தண்ணீரில் நன்றாகப் பிழிந்து ஊறவிடுங்கள். காய்ந்த நூல் மிதக்கும்.

ரோசெஸ்டர்_ராசு (நியூயார்க் மாநிலம்)

அக்கா சொன்னதற்கு மேல் ஃபிளை பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஓட்டம் பற்றிச் சொல்கிறேன். நான் பெரும்பாலும் புலாஸ்கி பக்கம் சால்மன் என்றே பெயர் கொண்ட ஆற்றில் நிற்பவன்.

முட்டைக்குக் கால் இல்லை, துடுப்பு இல்லை. தண்ணீர் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும், அதுவும் அடியில் உருண்டுகொண்டு. உங்கள் ஃபிளை பக்கவாட்டில் ஒரு சாண் இழுபட்டாலே மீனுக்குத் தெரிந்துவிடும். ஆகவே மேலே இருக்கும் லைன் ஃபிளையை இழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை முழுவதும்.

வீசியதும் லைனை மேலோட்டப் பக்கமாகத் தூக்கிப் போடுங்கள். பிறகு லைனில் மாட்டிய மிதவையைப் பாருங்கள், அதன் பக்கத்தில் போகும் நுரையையும் பாருங்கள். அடித்தண்ணீர் கல்லில் உரசி உரசிப் போவதால் மேல்தண்ணீரைவிட மெதுவாகத்தான் போகும். மிதவை நுரையோடு சேர்ந்தே போனால் உங்கள் ஃபிளை அடியில் இல்லை, அல்லது மிதவை அதை இழுத்துக்கொண்டு போகிறது. மிதவை நுரைக்குப் பின்தங்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், நிறம் கிறம் எல்லாம் அப்புறம்.

மிதவையிலிருந்து ஃபிளைக்கு, ஆழத்தைப் போல ஒன்றேகால் பங்கு, ஒன்றரைப் பங்கு விடலாம். ஃபிளைக்கு ஓரடிக்கு மேலே எடைக்குச் சின்னச் சின்னக் குண்டுகளாகக் கட்டுங்கள். ஒரே பெரிய குண்டு கல்லிடுக்கில் மாட்டும். அவ்வப்போது மிதவை லேசாகத் துடிக்க வேண்டும், அது குண்டு கல்லைத் தொடும் துடிப்பு. துடிக்கவே இல்லையென்றால் இன்னொரு குண்டு. ஒவ்வொரு வீச்சிலும் மாட்டிக்கொண்டால் ஒன்றைக் கழற்றுங்கள். கடைசித் துண்டு ஆறு பவுண்டு இழுவை தாங்கும் ஃபுளோரோகார்பன் நரம்பு. தண்ணீர் கலங்கலாக இருந்தால் எட்டு.

கடி எப்படித் தெரியும் என்றால், பல நேரம் மிதவை முங்கவே முங்காது. ஒரு கணம் தயங்கும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் ராடை உயர்த்துங்கள், அதுவும் கீழோட்டப் பக்கமாக. அப்போதுதான் முள் வாயோரத்தில் ஏறும்.

தொண்டைமானாறு (ஸ்காபரோ)

தம்பி குமிழி, ராசு சொன்னது முழுக்கச் சரி. நிறத்தைப் பற்றி நான் ரெண்டு வரி சொல்லுறன், ஏனெண்டால் உந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து மாத்திக்கொண்டு நிண்டால் பொழுது போயிடும்.

புது முட்டை ஆரஞ்சு, உள்ளுக்கு வெளிச்சம் தெரியிற மாதிரி இருக்கும். தண்ணியில கிடந்து செத்த முட்டை வெளிறி, பால் மாதிரி ஆகிடும். சினூக் இப்பதான் முட்டை விடுகுது எண்டால் ஆரஞ்சு. அது முடிஞ்சு ரெண்டு கிழமை போனால், ஆத்துக்குள்ள உருளுறது கூடுதலாய்ச் செத்த முட்டைதான். அப்ப பீச், வெளிறின மஞ்சள், வெள்ளை. கலங்கல் தண்ணிக்கு இளம்பச்சை. என்ரை பெட்டிக்குள்ள உவ்வளவுதான்.

நிறத்தைவிட நாள் முக்கியம். மழை பெய்து ஆறு ஏறி, பிறகு இறங்கத் தொடங்கேக்கை, தண்ணி பச்சை நிறமாய் ரெண்டடி ஆழம் வரை தெரியும் பாருங்கோ, அண்டைக்கு வேலைக்கு லீவு போட்டிட்டு வாங்கோ. ஏறேக்கை மீன் ஓடிக்கொண்டிருக்கும், சாப்பிடாது. இறங்கேக்கைதான் நிண்டு சாப்பிடும். தண்ணி 4 பாகை செல்சியசுக்குக் கீழ போனால் மீன் அசைய விரும்பாது, வாயடிக்குக் கொண்டுபோய்க் குடுக்கவேணும். அப்ப வேகமான ஓட்டத்தை விட்டிட்டு, மெதுவாய்ப் போற ஆழமான மடுவுக்கு மாறுங்கோ.

மே_மாதப்_பூச்சி (ஃபெர்கஸ்)

இங்கே ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் கிராண்ட் ஆற்றில், ஷாண்ட் அணைக்குக் கீழே, பிரவுன் டிரவுட்டுக்கு உலர் ஃபிளை, அதாவது பூச்சி மாதிரி நீர்மேல் மிதக்கும் ஃபிளை, வீசுபவன். எந்தப் பூச்சி எப்போது தண்ணீரிலிருந்து எழும்புகிறது, மீன் எந்தப் பருவத்தில் எதை எடுக்கிறது என்று கற்றுக்கொள்வதுதான் ஃபிளை மீன்பிடியின் உயிர். மிதவை, ஈயக் குண்டு, நூல் உருண்டை இவற்றை ஃபிளை ராடில் தொங்கவிட்டால் அது தக்கைத் தூண்டில்தான். அதில் தவறில்லை, ஆனால் அதை ஃபிளை என்று எண்ண எனக்கு இயலவில்லை.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. முட்டை ஃபிளை மனிதர்களை முட்டையிடும் மீனிடமே கூட்டிக்கொண்டு போகிறது. குமிழி பார்த்த காட்சி ஒவ்வொரு அக்டோபரிலும் ஒவ்வோர் ஆற்றிலும் நடக்கிறது.

நூற்கண்டு

முதல் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் ஐயா. ஃபிளை என்பது மீன் தின்னும் ஒன்றை நூலிலும் இறகிலும் செய்து காட்டுவது. குஞ்சு மீன் மாதிரி ஸ்ட்ரீமர் கட்டுகிறோம், இறால் மாதிரி கட்டுகிறோம், அவற்றை யாரும் விலக்குவதில்லை. அக்டோபரில் இந்த ஆறுகளில் மேற்பரப்பில் எழும்பும் பூச்சி மிகக் குறைவு, அடியில் உருளும் முட்டை ஏராளம். ஒரு சினூக் பெட்டை நாலாயிரம் ஐயாயிரம் முட்டை சுமந்து வருகிறது. எது எப்போது தண்ணீரில் வருகிறது என்று கற்பதுதான் உயிர் என்றீர்கள். சினூக் முதலில், பிறகு கோஹோ சால்மன், பிறகு பிரவுன் டிரவுட், வசந்தத்தில் ஸ்டீல்ஹெட், கடைசியில் சக்கர். அளவும் நிறமும் அதற்கேற்ப மாறும். இதுவும் நாள்காட்டிதானே?

இரண்டாவது விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. சரளைக்கல் இந்தப் பக்கம் வந்தால் விளக்குவார், அவர் படிப்பே அது.

சரளைக்கல் (குவெல்ஃப்)

வந்துவிட்டேன் அக்கா. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தே குழியை மிதிப்பவர்கள் குறைவு. எது குழி, முட்டை அதில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மிதிப்பவர்கள்தான் அதிகம்.

பெட்டை மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் சரளையை அடிக்கும். கல் கிளம்பிக் கீழோட்டத்தில் போய் விழும். பள்ளம் ஆனதும் அதில் முட்டையிடும், ஆண் மீன் விந்து பாய்ச்சும். உடனே பெட்டை கொஞ்சம் மேலே நகர்ந்து மறுபடி தோண்டும். அந்தக் கல் வந்து முதல் பள்ளத்து முட்டையை மூடும். இப்படியே மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். எல்லாம் முடிந்த பிறகு நாம் பார்ப்பது மேல்பக்கம் ஒரு பள்ளம், அதற்குக் கீழே ஒரு மேடு. பாசி படிந்த பழுப்புக் கற்களுக்கு நடுவே இந்த இடம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெளுப்பாக இருக்கும். முட்டை இருப்பது அந்த மேட்டுக்குள். பலர் பள்ளத்தைத்தான் கூடு என்று நினைத்து, அதைத் தவிர்ப்பதாக எண்ணி மேட்டின் மேல் ஏறி நிற்கிறார்கள். சரளை மேடு நிற்க வசதியாகவும் இருக்கிறது.

இட்ட முட்டை முதல் ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீரை உறிஞ்சி விறைக்கும். அதற்குப் பிறகு உள்ளே குஞ்சின் கண் தெரியும் கட்டம் வரை அதிர்ச்சியைத் தாங்காது. குஞ்சுப்பொரிப்பகங்களில் அந்த நாட்களில் தட்டைத் தொடவே விடமாட்டார்கள். மொன்டானாவில் செய்து 1992இல் வெளியான ஓர் ஆய்வில், டிரவுட் முட்டை புதைந்த சரளை மேல் தினம் இருமுறை நடந்து பார்த்தார்கள். முட்டைப் பருவம் முழுக்க அப்படி நடந்தபோது 96 சதவீதம் வரை செத்தது. பொரிப்பதற்குச் சற்று முன் ஒரே ஒரு தடவை நடந்ததற்கே 43 சதவீதம் வரை இழப்பு. ஒரு மனிதர், ஒரு தடவை.

அக்டோபரில் இட்ட முட்டை குஞ்சாகிச் சரளையை விட்டு வெளியே வர வசந்தம் ஆகும். டிசம்பரில் அந்த வெளுப்பின் மேல் பாசியும் வண்டலும் படிந்து மற்ற இடம் மாதிரியே தெரியும். முட்டை உள்ளேதான் இருக்கும். அதனால் இலையுதிர் காலத்தில் வெளுப்பைப் பார்த்த இடங்களை நினைவில் வையுங்கள். குளிர்காலத்தில் முழங்கால் ஆழத்துச் சரளைப் பரப்பில், அதுவும் மடுவின் வால் பக்கம், இறங்கவே வேண்டாம். கரையோரம் நடந்து போய், பெரிய கல்லோ மணலோ உள்ள இடத்தில் கடக்கலாம்.

இப்போது முட்டை ஃபிளைக்கு வருகிறேன். தோண்டும்போது மூடப்படாமல் தப்பும் முட்டை ஓட்டத்தில் போகும். வெளிச்சத்திலும் பூஞ்சையிலும் மீன் வாயிலும் அது எப்படியும் அழியும். டிரவுட் தின்னுவது அந்த முட்டையைத்தான், ஆற்றுக்கு அதனால் நட்டமில்லை. அந்த முட்டையெல்லாம் சரளைப் பரப்பு முடிந்து ஆழம் தொடங்கும் சரிவில், இரண்டு ஓட்டங்கள் சேரும் கோட்டில், முதல் மடுவின் தலையில் போய்ச் சேரும். அங்கே நின்று ஓட்டுங்கள். முட்டையிடும் மீன் கண்ணில் படாத இடம் அது. நல்ல நிலையில் இருக்கும் ஸ்டீல்ஹெட் பகலில் அங்கேதான் நிற்கும்; முழங்கால் தண்ணீரில் வெளிச்சத்தில் நிற்க அதற்கும் பயம்.

ரோசெஸ்டர்_ராசு

சரளைக்கல் சொன்னதில் மிதிக்கக் கூடாது என்பதை நான் முழுசா ஏற்கிறேன். ஆனால் குழிக்குப் பின்னால் நாலடியில் ஒரு பள்ளம் இருந்து, அதில் ஸ்டீல்ஹெட் நிற்பது தெரிந்தால், கரையில் நின்றபடி அதற்கு ஓட்டுவதில் என்ன தப்பு? நான் தண்ணீரில் இறங்கவில்லை. சட்டம் தடுக்கவில்லை. சினூக் முட்டையிட்டதும் சாகத்தான் போகிறது.

இன்னொன்று. இந்த சால்மன் எதுவும் இந்த ஊர் மீனே இல்லை. 1966இல் மிச்சிகனில் ஹோவர்ட் டேனர் கோஹோவை விட்டார், அடுத்த வருஷம் சினூக். ஏரியில் பெருகிச் செத்துக் கரை ஒதுங்கிய ஏல்வைஃப் மீனைத் தின்ன ஒரு பெரிய மீன் வேண்டும் என்பதற்காக. அதன் பிறகுதான் ஒன்டாரியோ ஏரிக்கும் வந்தது. எங்கள் ஆற்றுக்கு ஆல்ட்மார் பொரிப்பகத்தில் குஞ்சு வளர்த்து விடுகிறார்கள். ஒரு குழி கலைந்தால் ஆறு அழிந்துவிடாது.

சரளைக்கல்

ராசு அண்ணா, குழிக்கு நாலடி பின்னால் ஓட்டும் ஃபிளை குழியின் மேல் போகும் சால்மனின் வயிற்றிலோ துடுப்பிலோ மாட்டும் வாய்ப்பு மிக அதிகம். ஆண் மீன்கள் அங்கேதான் சுற்றும். முள் மாட்டிய மீன் மடுவுக்கு ஓடும், பெட்டை இடத்தை விடும். ஒன்டாரியோவில் வாய்க்கு வெளியே மாட்டிய மீனை உடனே விட வேண்டும் என்பது சட்டம். சட்டப்படி விட்டாலும் அந்தக் குழியில் அன்றைய வேலை நின்றுபோயிருக்கும்.

பொரிப்பகத்து மீன்தானே என்பதும் முழு உண்மை இல்லை. குஞ்சுகளுக்கு அடையாளமிட்டுப் பிறகு பிடித்து எண்ணிப் பார்த்தபோது, ஒன்டாரியோ ஏரியின் சினூக்கில் ஏறத்தாழப் பாதி ஆற்றிலேயே பிறந்தவை என்று தெரிந்தது.

தொண்டைமானாறு

கனரஸ்கா ஆத்தைப் பற்றி நான் சொல்லாமல் விட ஏலாது. போர்ட் ஹோப்பில ஏப்பிரல் மாசம் கோர்பெட் அணையடிக்குப் போய்ப் பாருங்கோ. அந்த ரெயின்போ எல்லாம் அந்த ஆத்துச் சரளையிலேயே பிறந்து, ஏரிக்குப் போய் வளர்ந்து, திரும்பி வாற மீன். ஆரும் வளர்த்து விடுற மீன் இல்லை. ஒரு காலத்தில மேற்பகுதிக் காட்டை முழுக்க வெட்டி, மண் அரிச்சு, மணல் மேடாய்க் கிடந்த இடம். 1940களில மரம் நடத் தொடங்கிச்சினம். இண்டைக்கு அந்தக் காடு பிடிச்சு வைக்கிற தண்ணி குளிராய், தெளிவாய் வாறதாலதான் அந்தச் சரளையில முட்டை பிழைக்குது.

இதே ஏரியில அத்திலாந்திக் சால்மன் எண்டு சொந்த மீன் இருந்தது. அணை கட்டி, காடு வெட்டி, அளவில்லாமல் பிடிச்சு, 1800களின்ரை கடைசியோட அது முடிஞ்சுது. வில்மட் ஓடையில சாமுவேல் வில்மட் பொரிப்பகம் கட்டிக் குஞ்சு விட்டும் காப்பாத்த முடியேல்லை. குஞ்சு விட்டால் போதும் எண்டு நினைச்ச ஆக்கள் அப்பவும் இருந்தவை. முட்டை பிழைக்கிற சரளை இல்லாட்டில் ஒண்டும் மிஞ்சாது. இப்ப கிரெடிட் ஆத்தில அதைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகினம். குமிழி, ஒண்டு மாட்டினால் அடையாளம் தெரிஞ்சு வையும். சந்தேகமெண்டால் தண்ணிக்குள்ளேயே விட்டிடும்.

ராசு, நீர் நல்லாய்ப் பிடிக்கிற ஆள். உமக்கு அந்த நாலடிப் பள்ளம் தேவையில்லை. இருபது யார் கீழ போம்.

ரோசெஸ்டர்_ராசு

வாயில் மாட்டாமல் போகும் என்று சரளைக்கல் சொன்னது நியாயமான காரணம், அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கரையில் நின்று, ஆண் சால்மன் யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஓட்டுபவரைக் குற்றவாளி மாதிரிப் பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன். அண்ணையின் கடைசி வரிக்கு நன்றி.

டுராங்கி_வாசி (நியூசிலாந்து)

வேறொரு கோணத்திலிருந்து சொல்கிறேன். எங்களுக்கு இங்கே ஒரே மீனுக்கு ஆறும் ஏரியும் இரண்டும் உண்டு. டௌபோ ஏரியில் வளரும் ரெயின்போ, குளிர்காலத்தில் டோங்கரிரோ ஆற்றில் ஏறி முட்டையிடும். இந்த மீனின் மூதாதையர் 1883இல் கலிஃபோர்னியாவிலிருந்து முட்டையாகக் கப்பலில் வந்தவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆற்றங்கரையில் பார்த்தால் பலருடைய லைன் முனையில் ஒரு குளோ பக், அதாவது நூல் முட்டை, தொங்கும்.

நாங்கள் நூலில் தனியாக ஈயக் குண்டு கட்டுவதில்லை. நீருக்கடியில் வாழும் இளம் பூச்சி மாதிரியான கனமான நிம்ஃப் ஒன்றை முதலில் கட்டி, அதன் கொக்கி வளைவிலிருந்து ஒரு முழ நூலில் சின்ன முட்டை ஃபிளையைத் தொங்கவிடுவோம். நிம்ஃப் அடிக்குப் போகும், முட்டை அதன் பின்னால் சுதந்திரமாக ஆடிக்கொண்டு வரும். ஒன்டாரியோவில் ஒரு லைனில் நான்கு கொக்கி வரை அனுமதி உண்டு என்று கேள்விப்பட்டேன், அப்படியென்றால் குமிழியும் இதைச் செய்து பார்க்கலாம். கல்லில் மாட்டுவது குறையும்.

ஏரியில் என்றால் ஓடை வந்து கலக்கும் வாய்தான் இடம். மழைக்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர் ஏரிக்குள் ஒரு நாக்கு மாதிரி நீளும். அதன் ஓரத்தில் ஃபிளையை விட்டு, லைனை மிக மெதுவாகக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இருட்டின பிறகு மீன் முழங்கால் ஆழத்துக்கே வரும், அதனால் தண்ணீரில் இறங்காமலே முதல் வீச்சைப் போடுங்கள்.

அவலாஞ்சி (குன்னூர்)

ரொம்ப உபயோகமான பேச்சு. நீலகிரியிலும் ரெயின்போ டிரவுட் உண்டு என்பது இங்கே சிலருக்குத் தெரிந்திருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் கொண்டுவந்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். இங்கே ஓடையைவிட நீர்த்தேக்கம்தான் அதிகம். ஓட்டமே இல்லாத தண்ணீரில் முட்டை ஃபிளையை எப்படி ஓட்டுவது?

நூற்கண்டு

ஓட்டம் இல்லாவிட்டால் காற்று இருக்கிறது. மிதவையைக் காற்றுக்குக் குறுக்கே வீசி, லைன் வளைந்து தானாக நகர விடுங்கள். ஃபிளை அடியிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்க வேண்டும். ஆழம் தெரியாவிட்டால் கொக்கியில் ஒரு குண்டைக் கடித்து விட்டு, மிதவை படுத்துவிடும் வரை நூலைக் கூட்டிப் பார்த்தால் அளவு கிடைக்கும். அடிக்கடி இழுக்காதீர்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு சாண் இழுத்து விட்டால், ஃபிளை எழும்பி மெதுவாக அமிழும். அமிழும்போதுதான் எடுக்கும்.

குட்டை, தேக்கம் இவற்றில் பொரிப்பகத்து மீன் புதிதாக விடப்பட்டிருந்தால் நூல் உருண்டையைத் தீவனக் குருணையாகவும் எடுத்துக்கொள்ளும். பழுப்பு நிறத்தில் இரண்டு கட்டிக்கொள்ளுங்கள். இயல்பாக முட்டையிடும் மீன் என்றால் ஓடை வாய். லேக் டிரவுட் வேறு வகை: ஓடைக்குப் போகாது, ஏரிக்குள்ளேயே கல் குவிந்த திட்டுகளில் இலையுதிர் காலத்தில் முட்டையிடும். குழி தோண்டுவதும் இல்லை, கல் இடுக்கில் முட்டை விழுந்துவிடும். ஒன்டாரியோவில் அந்தச் சமயத்தில் பல ஏரிகளில் லேக் டிரவுட் பிடிக்கத் தடை, அந்தத் திட்டுகளை விட்டுவிட வேண்டும்.

அங்கே அனுமதிச் சீட்டும் காட்டுக்குள் நுழைய அனுமதியும் வேண்டியிருக்கும். மீன்வளத் துறையிலும் வனத் துறையிலும் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

குமிழி

எல்லோருக்கும் நன்றி. நுரையையும் மிதவையையும் ஒப்பிடும் விஷயம் உடனே புரிந்தது. இனி சரளைப் பரப்பு முடியும் சரிவுக்குக் கீழேதான் நிற்பேன்.

ஒரு கேள்வி மிச்சம். பலர் நூல் முட்டைக்குப் பதிலாக மணி கட்டுகிறார்கள். துளையுள்ள பிளாஸ்டிக் மணியை நூலில் கோத்து, வெறும் கொக்கியைக் கீழே விடுகிறார்கள். அதில் மீன் அதிகம் என்கிறார்கள். கட்டலாமா?

சரளைக்கல்

மணி பார்ப்பதற்கு நிஜ முட்டைக்கு மிக அருகில் இருக்கும், அதனால் எடுக்கிறது. கேள்வி இடைவெளிதான். மீன் மணியைக் கவ்வும். நாம் இழுக்கும்போது நூல் வாய் வழியே ஓடி, கொக்கி வாய்க்கு வெளிப்பக்கத்தில் தாடையோரம் ஏறும். இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் தாடையில் நிற்கும், தொண்டைக்குப் போகாது, மீனுக்கு அது நல்லதுதான். இடைவெளி கூடினால் கண்ணிலோ செவுள் மூடியிலோ மாட்டும். அலாஸ்காவில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்: நிலையாகக் கட்டிய மணி கொக்கியிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நான் இரண்டு அங்குலத்துக்கும் குறைவாகவே வைப்பேன். மணி நகராமல் இருக்கப் பல்குச்சி முனையைச் செருகி ஒடித்துவிட்டால் போதும்.

வெளிப்பக்கம் ஏறினால் அது வாய்க்குள் மாட்டியதாகுமா என்பதில் ஒவ்வொரு ஊரிலும் பார்வை வேறு. உங்கள் மண்டலத்து விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சந்தேகம் வேண்டாம் என்றால் நூல் முட்டையே போதும்.

மே_மாதப்_பூச்சி

மணி ஃபிளை அல்ல என்பதிலாவது நூற்கண்டு என்னோடு உடன்படுவார் என நம்புகிறேன்.

நூற்கண்டு

உடன்படுகிறேன் ஐயா. கட்டுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

தொண்டைமானாறு

குமிழி, கிளம்ப முன்னம் இதையும் கேளும். செப்டம்பர் 30க்குப் பிறகு மேற்பகுதி எல்லாம் பூட்டு. கீழ்ப்பகுதிகள் கனக்க டிசம்பர் 31 வரை திறந்திருக்கும், ஆனால் எந்தப் பாலத்தில இருந்து எந்தப் பாலம் வரை எண்டது ஆத்துக்கு ஆறு வேறை. அந்தந்த வருசத்து விதியைப் பார்த்திட்டுப் போம்.

ஈயக் குண்டு வாங்காமல் தகரக் குண்டு வாங்கும். கல்லில அறுந்து கிடக்கிற ஈயத்தை விழுங்கி லூன் பறவையள் சாகுது. தேசியப் பூங்காக்களில சின்ன ஈயம் முழுக்கத் தடை. தகரம் ஈயத்தைவிடப் பாரம் குறைவு, ஒண்டு கூடப் போட்டால் சரி.

கொக்கியின்ரை எதிர்முள்ளைக் குறட்டால நசுக்கி விடும். பனிக் காலத்தில படம் எடுக்கிறதுக்கு மீனைத் தூக்கிப் பிடிக்காதையும். காத்து உறைநிலைக்குக் கீழ இருக்கேக்கை செவுள் சில வினாடியிலேயே உறையத் தொடங்கிடும். வலையைத் தண்ணிக்குள்ளேயே வைச்சு, குனிஞ்சு, குறட்டால கொக்கியைத் திருப்பி எடுத்துவிடும். வார சனிக்கிழமை விடிய நான் எரின்டேல் பார்க் வாகனத் தரிப்பிடத்தில நிப்பன். மழை வெள்ளி மத்தியானத்தோட நிக்குமெண்டு சொல்லுறாங்கள்.